முதல் திட்டும் பின்வந்த திட்டுகளும்

பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற தோல் நோயின் பெயரை, என் வலது விலாப்புறத்தில் அந்தத் திட்டு தோன்றும்வரை நான் கேள்விப்பட்டதில்லை. ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமிருந்த முட்டை வடிவத் திட்டு அது. விளிம்பு சற்றே மேடிட்டிருந்தது; விளிம்பையொட்டி உட்புறமாக மெல்லிய செதில் ஒரு வளையமாக உரிந்து நின்றது; நடுப்பகுதியின் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. வலி இல்லை. அரிப்பும் வியர்க்கும் நேரத்தில் மட்டுமே தெரிந்தது. என்னைப் போன்ற மாநிறத் தோலில் அது சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியாமல், பழுப்பும் கருஊதாவும் கலந்த மங்கல் நிறத்தில் இருந்தது. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுக்கப்பட்டவை என்பதால், அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம்மவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பள்ளத்தூரில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறோம். நான் அன்றாடம் பேருந்தில் காரைக்குடிக்குச் சென்று ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்குத் தோலில் ஏதாவது வந்தால் அதற்குப் பெயர் வைக்க ஆள் பஞ்சமே கிடையாது. அத்தை பார்த்தவுடன் படர்தாமரை என்றார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, இது அக்கி, தாமதிக்காமல் வேளார் வீட்டுக்குப் போய்ச் செம்மண் குழைத்து எழுதிக்கொண்டு வந்துவிடு என்றார்கள். அக்கி என்று நாம் சொல்வது உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, எரிச்சலும் வலியும் நிறைந்த நீர்க்கொப்புளங்களாக வருவது. அதற்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், உண்மையாகவே அக்கி வந்தவர்கள் எழுதிக்கொள்வதோடு நின்றுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடமும் போவது நல்லது. எனக்கு வந்ததில் கொப்புளமும் இல்லை, வலியும் இல்லை. ஆகவே அக்கி இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

படர்தாமரையா என்ற சந்தேகம் அவ்வளவு எளிதில் தீரக்கூடியது அல்ல. வட்டமான திட்டு, மேடிட்ட விளிம்பு, உரியும் செதில் என்று இரண்டும் பார்வைக்கு மிகவும் நெருங்கியவை. மருந்துக்கடையில் கேட்டபோது உடனே ஒரு களிம்பை எடுத்து நீட்டினார்கள். அதன் பெட்டியைப் படித்துப் பார்த்தால், பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, அவற்றோடு குளோபெட்டசால் என்னும் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு என மூன்றும் ஒரே குழாயில் இருந்தன. எங்கள் அலுவலகத்துத் தோழி ஒருவர் இடுப்பில் வந்த படர்தாமரைக்கு இப்படிப்பட்ட ஒரு களிம்பைத்தான் உறவினர் சொன்னார் என்று மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடுவதால் குணமாவதாகத் தோன்றும்; ஆனால் அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், திட்டின் வடிவமும் மாறிப்போகும், பிறகு மருத்துவரே பார்த்தாலும் இன்னதென்று சட்டெனச் சொல்ல முடியாது. தோழிக்குத் தோல் மெலிந்து கோடுகோடாகப் போனது வேறு. இவ்வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கிய பிறகும், கேட்டவுடன் கையில் கொடுக்கிறார்கள். நான் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. வயிற்றிலும் மார்பிலும் முதுகிலும் சிறுசிறு திட்டுகள் முளைத்தன; ஒவ்வொன்றும் முதல் திட்டைவிடச் சிறியது, ஆனால் அதே முட்டை வடிவமும் அதே செதில் வளையமும் கொண்டது. மேல் கைகளிலும் தொடைகளிலும் ஒருசில வந்தன. முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை. அந்தச் சமயத்தில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி–பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பால்குடத்துக்குக் காப்புக் கட்டியவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருந்தார்கள். இத்தகைய நேரத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் புள்ளி புள்ளியாக எதுவும் தோன்றினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. அப்பத்தா என் கழுத்தோரத்தைப் பார்த்துவிட்டு, "ஆத்தா இறங்கியிருக்கா தாயி, வேப்பிலையைத் தலைமாட்டில் வச்சுக்க" என்றார்கள். நான் வேப்பிலையை வைத்துக்கொண்டேன். அதில் ஒரு கெடுதலும் இல்லை. அம்மையாக இருந்தால் காய்ச்சலும் உடல்வலியும் வந்திருக்கும், புள்ளிகள் ஓரிரு நாளில் நீர் கோத்த கொப்புளங்களாக மாறியிருக்கும். எனக்குக் காய்ச்சல் இல்லை, திட்டுகள் காய்ந்தே இருந்தன, முகத்தில் ஒன்றுகூட இல்லை.

விடை கிடைத்தது முதுகில்தான். என் முதுகை நானே பார்க்க முடியாததால் நாத்தனாரை அழைத்து, வளவு முற்றத்தில் நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, கைப்பேசியில் படமெடுக்கச் சொன்னேன். தனித்தனியே பார்த்தபோது தாறுமாறாகத் தெரிந்த திட்டுகள், முழு முதுகையும் ஒரே படத்தில் பார்த்தபோது ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தன: முதுகெலும்பிலிருந்து இருபுறமும் சாய்வாக, விலா எலும்புகள் இறங்கும் திசையிலேயே ஒவ்வொரு திட்டின் நீளவாக்கும் இருந்தது. தோலில் இயல்பாகவே ஓடும் இழுவிசைக் கோடுகளை ஒட்டி இத்திட்டுகள் படுக்கின்றன. இந்த அமைப்பைத் கீழ்நோக்கித் தொங்கும் கிளைகளைக் கொண்ட கிறிஸ்துமஸ் மரம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். படர்தாமரைக்கு இப்படி ஒரு திசை கிடையாது. தோல் நோய் எதுவாக இருந்தாலும் ஒரு திட்டை நெருக்கத்தில் ஒரு படமும், உடலின் அந்தப் பகுதி முழுவதையும் சற்றுத் தள்ளி நின்று ஒரு படமும், தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொள்வது பயன் தரும். மருத்துவர் பார்க்கும் நாளில் முதல் திட்டு பாதி மங்கியிருக்கலாம், ஆனால் எது முதலில் வந்தது, எவ்வளவு இடைவெளியில் மற்றவை வந்தன என்ற வரிசைதான் இந்நோயை அடையாளம் காட்டுகிறது.

காரைக்குடியில் நான் பார்த்த தோல் மருத்துவர் என் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் என்னைச் சோதிக்கத் தொடங்கினார். உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம், தலைமுடிக்கடியில் இருக்கும் தோல் ஆகியவற்றைப் பார்த்தார். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒரு திட்டின்மேல் பஞ்சால் வருடி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்பதால் அந்தச் சோதனை. பிறகு ஒரு திட்டின் விளிம்பிலிருந்து செதிலைக் கத்தியின் மழுங்கலான பக்கத்தால் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தக் கரைசல் தோலின் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை இழைகள் இருந்தால் அவை மட்டும் கரையாமல் தெரியும். என் தோலில் இழைகள் ஏதும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையை, வட்டத் திட்டோடு வருகிற ஒவ்வொருவரும் கேட்டுச் செய்துகொண்டால் மேலே சொன்ன களிம்புகளில் பாதிக்கு வேலையிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அண்மையில் ஏதேனும் புதிய மாத்திரை சாப்பிட்டேனா என்றும் கேட்டார். சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் வேறு சில மருந்துகளாலும் இதே தோற்றத்தில் தடிப்பு வருவதுண்டாம்.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் உடன் வந்திருந்த அத்தையின் முகம் மாறியது. வி.டி.ஆர்.எல். என்னும் இரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அது சிஃபிலிஸ் எனும் பால்வினை நோய்க்கான பரிசோதனை. அந்நோயின் இரண்டாம் கட்டத்தில் உடலெங்கும் வரும் தடிப்பு, பிட்டிரியாசிஸ் ரோசியாவை அப்படியே ஒத்திருக்கக்கூடும் என்பதால், வயதுவந்த எவருக்கும் இதை எழுதுவது வழக்கம் என்றும், நடத்தையைப் பற்றிய ஐயம் எதுவும் இதில் இல்லை என்றும் மருத்துவரே அத்தையைப் பார்த்துச் சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டு இந்தச் சீட்டைக் கைப்பைக்குள் மறைத்துவிடும் பெண்கள் பலர் இருப்பார்கள். சிஃபிலிஸை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசியால் முற்றிலும் குணப்படுத்தலாம், கண்டுபிடிக்காமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் பாதிக்கும், கருவில் இருக்கும் குழந்தைக்கும் போகும் என்னும்போது, இதில் கௌரவம் பார்க்க என்ன இருக்கிறது என்று வீடு திரும்பும் வழியில் அத்தையிடம் கேட்டேன். பதில் இல்லை, ஆனால் மறுநாள் காலையில் இரத்தம் கொடுக்க அத்தையே துணைக்கு வந்தார்கள். முடிவு நெகட்டிவ் என்று வந்தது.

கர்ப்பமாக இருக்கிறேனா, நாள் தள்ளியிருக்கிறதா என்பதையும் மருத்துவர் இரண்டு முறை கேட்டார். மற்றவர்களுக்குச் சாதுவான இந்த நோய், கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு, குறிப்பாக முதல் 15 வாரங்களுக்குள் வந்தால், கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே கர்ப்பிணிகள் மட்டும் இதைத் தானே போய்விடும் என்று விட்டுவிடாமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற பெயரை 1860-இல் இட்டவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் காமில் மெல்கியோர் ழிபேர். நோய் பெரும்பாலும் 10 வயதிலிருந்து 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வருகிறது. காரணம் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 6, 7 என்னும் இரு வைரஸ்கள் மீண்டும் விழித்தெழுவதே காரணம் என்பதற்குத்தான் சான்றுகள் அதிகம். உதட்டோரத்தில் கொப்புளம் வரச்செய்யும் ஹெர்ப்பிஸ் வேறு, இவை வேறு. குழந்தைப் பருவத்திலேயே ஏறக்குறைய எல்லோருடைய உடலுக்குள்ளும் புகுந்து, பிறகு ஆயுள் முழுவதும் அடங்கிக் கிடப்பவை இவை. இதை நான் வீட்டில் விரிவாக விளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்குள் எனக்குத் தனித்தட்டும் தனித்துண்டும் ஒதுக்கப்பட்டிருந்தன. திருவிழாவுக்கு வெள்ளைப் பணியாரம் ஊற்ற அடுப்படிக்குள் போனபோது, உறவுக்காரப் பெண் ஒருவர் மாவுக் கரண்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். இது தொட்டால் ஒட்டுவதில்லை. தட்டையோ துண்டையோ படுக்கையையோ பிரிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் போகலாம். மருத்துவரிடம் இதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். நான் வாயால் சொன்னதைவிட முத்திரை குத்திய அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகமாக இருந்தது.

மருந்து என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் காலமைன் லோஷன், அரிப்பு மிகுந்த இரவுகளில் மட்டும் செட்டிரிசின் மாத்திரை ஒன்று, குளித்தவுடன் ஈரம் முழுவதும் காய்வதற்குள் பூச மணமற்ற ஈரப்பதக் களிம்பு. அசைக்ளோவிர் என்னும் வைரஸ் மருந்து சிலருக்குத் திட்டுகள் சீக்கிரம் மறைய உதவியிருக்கிறது என்றாலும், எனக்கு இருந்த அளவுக்கு அது தேவையில்லை என்று மருத்துவர் விட்டுவிட்டார். மருந்தைவிட அன்றாடப் பழக்கங்களை மாற்றியதில்தான் எனக்கு அதிக நிம்மதி கிடைத்தது. சூடும் வியர்வையும் உராய்வும் சோப்பும் அரிப்பைக் கிளறிவிடும். பங்குனி வெயிலில் பேருந்தில் நின்றுகொண்டே காரைக்குடி போய்ச் சேரும்போது முதுகு முழுவதும் தகிக்கும். வந்தவுடன் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கழுத்திலும் முதுகிலும் சற்று நேரம் வைத்து எடுத்தால் அடங்கிவிடும். குளியலுக்கு வெந்நீரை நிறுத்தினேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் உடம்புக்குச் சீயக்காய் தேய்ப்பதையும் நிறுத்தினேன், தலைக்கு மட்டும் தேய்த்துக்கொண்டேன். செயற்கை இழைப் புடவைகளை ஒதுக்கிவிட்டு, பலமுறை துவைத்து மிருதுவாகிப் போன பழைய கண்டாங்கிப் புடவைகளைக் கட்டினேன். புதுக் கண்டாங்கி சற்றே முரடு, விலாவில் உராயும். இடையில் வந்த ஒரு திருமணத்தில் பட்டுப் புடவையோடு மண்டபத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டு வந்த இரவில்தான் அரிப்பு மிகக் கடுமையாக இருந்தது. நோய் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு அரிப்பே இருப்பதில்லையாம்; அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சாப்பாட்டில் கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டங்கள் என்று விலக்கி வைக்கப்பட்டன. மருத்துவரிடம் கேட்டபோது இந்த நோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்றார். இட்லிக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி இல்லாமல் எத்தனை வாரம் இருக்க முடியும்? நான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பூண்டை அரைத்துப் பூசு, எலுமிச்சைச் சாற்றைத் தேய் என்ற யோசனைகளுக்கு மட்டும் உறுதியாக மறுத்துவிட்டேன், ஏனென்றால் பச்சைப் பூண்டு தோலை வேகவைத்துவிடும், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துப்போகும். அப்பத்தா குன்றக்குடித் திருநீற்றைக் கொண்டுவந்து பூசிவிட்டபோது நான் தடுக்கவில்லை. பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை என்னும் பெருங்கட்டி குன்றக்குடி முருகனின் திருநீற்றால் ஆறியது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில், அதைத் தடுப்பது மருத்துவ விஷயமாக இருக்காது.

இந்த நோய் 6 முதல் 8 வாரங்களில் தானாகவே மறைகிறது. சிலருக்கு 12 வாரங்கள் வரை ஆகிறது. இரண்டாம் கட்டம் தொடங்கிய பின்னும் இரண்டு வாரங்கள்வரை புதுத் திட்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், மருந்து எதுவும் கேட்கவில்லை, நோய் முற்றுகிறது என்ற பயம் சரியாக அந்தச் சமயத்தில்தான் வருகிறது. அப்போது ஒருவர் களிம்பை மாற்றுவார், நாட்டு மருந்துக்குப் போவார், மந்திரிப்பார். அடுத்த சில வாரங்களில் நோய் தன் போக்கில் இறங்கத் தொடங்கும். கடைசியாக எதைச் செய்தாரோ அதற்குப் பேர் கிடைத்துவிடும், அவரும் அதையே பத்துப் பேருக்குச் சொல்லுவார். தானே ஆறும் நோய்களுக்கு ஊருக்கு ஊர் இத்தனை கைகண்ட மருந்துகள் இருப்பதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் என் நோய் திருநீற்றால் போயிற்று என்று அப்பத்தாவும், கத்தரிக்காயைக் குறைத்ததால் போயிற்று என்று அத்தையும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் குறைக்கவே இல்லை என்பது அத்தைக்குத் தெரியாது.

திட்டுகள் ஆறிய இடத்தில் நம் தோலில் கறுத்த நிறமோ வெளுத்த நிறமோ தங்கிவிடுவது வழக்கம். மேடும் செதிலும் போய்விட்டால் நோய் போய்விட்டது என்றுதான் பொருள்; நிறம் மட்டும் மாறப் பல மாதங்கள் ஆகும். எனக்கு வயிற்றில் இருந்தவை முதலில் மங்கின, கழுத்தோரம் வெயில் படும் இடத்தில் இருந்தவை கடைசிவரை தெரிந்தன. இந்தக் கட்டத்தில்தான் கல்யாண வயதுப் பெண்களை வைத்திருப்பவர்கள் பதறிப்போய் நிறம் வெளுக்கும் களிம்புகளைத் தேடுகிறார்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டும் சிலவற்றில் பாதரசமும் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. கடலைமாவு வைத்து அழுத்தித் தேய்ப்பதும் நிறத்தைக் கூட்டத்தான் செய்யும். வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்வதையும், முடியாத இடத்தில் வெயில் தடுப்புக் களிம்பு பூசுவதையும் தவிர நான் எதுவும் செய்யவில்லை. மீண்டும் வருமா என்று கேட்டதற்கு, நூற்றில் இரண்டு மூன்று பேருக்கே மறுபடி வருகிறது என்றார் மருத்துவர்.

மூன்று மாதங்கள் கடந்தும் திட்டுகள் மறையாவிட்டாலும், உள்ளங்கை உள்ளங்காலில் தோன்றினாலும், வாயில் புண், காய்ச்சல், மூட்டுவலி ஆகியவை சேர்ந்துகொண்டாலும், சீழோ கொப்புளமோ வைத்தாலும் மறுபடி வரவேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு தொடங்கினால் அது வேறு நோய் என்று வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

கடைசியாகச் சொன்னது அண்மையில் எங்கள் தெருவிலேயே உதவியது. பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனுக்கு இடுப்பில் ஒரு வட்டத் திட்டு வந்திருந்தது. எனக்கு வந்ததுபோல் தானே போய்விடும்தானே என்று அவன் அம்மா கேட்டு வந்தார். திட்டு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பின்தொடர்ந்து சிறு திட்டுகள் வரவில்லை, அந்த ஒரு திட்டே நாளுக்கு நாள் அகன்றுகொண்டிருந்தது, அவனோடு ஒரே பாயில் படுக்கும் தம்பிக்கும் தொடையிடுக்கில் அரிப்பு இருந்தது. எனக்கு வந்தது இதுவல்ல என்று சொல்லி, செதிலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தேன். பூஞ்சை இழைகள் இருந்தன. அண்ணன் தம்பி இருவருக்கும் சில வாரங்களுக்குப் பூஞ்சை மருந்து எழுதி, திட்டு மறைந்த பிறகும் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் பூச வேண்டும் என்றும், துண்டையும் உள்ளாடையையும் படுக்கை விரிப்பையும் தனித்தனியே வைத்து வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.